தோற்கருவி ஆக்குநரும் தமிழிசை வரலாறும்: ஒரு கருத்துரை

முன்னுரை

பாலாற்றங்கரையில் ஆர்க்காட்டை அடுத்து அமைந்துள்ள மேல்விஷாரம், தோல்தொழிலால் அறியப்படும் ஊர்களுள் ஒன்று. இராணிப்பேட்டையிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை நீளும் இத்தொழிற்பரப்பைப் பொருளியலாரும் சூழலியலாரும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்ட வரலாற்றில் இப்பகுதிக்கு நிலையான இடத்தைத் தந்தது. தோலின் விலை, அதன் ஏற்றுமதி, பதனிடும்போது வெளியேறும் கழிவுநீர் ஆகியவை இவ்வாறு ஆய்வுப்பொருள்களாயின. தோல் ஒலிக்கும் பொருளும் ஆகும் என்பதைப் பேசவேண்டிய கடமை தமிழிசை ஆய்வாளருடையது.

அக்கடமை இன்னும் நிறைவேறவில்லை. தோற்கருவிகளின் பெயர்களைத் தொகுப்பதிலும் வகைப்படுத்துவதிலும் தமிழியல் பெரும்பணி ஆற்றியுள்ளது. அக்கருவிகளை ஆக்கியவர், ஆக்குபவர் குறித்தோ அது பெரும்பாலும் பேசுவதில்லை. தோலைத் தேர்ந்து, சீவி, இழுத்துக் கட்டி, செவியால் அளந்து ஒலியை உண்டாக்குபவர் இசை வரலாற்றின் புறத்தே நிற்கும் தொழிலாளர் அல்லர், இசைவாணருள் ஒருவகையினர். தமிழிசை வரலாறு அவர்களை அவ்வாறே பெயர்சுட்டி ஏற்கவேண்டும் என்பதே இக்கருத்துரையின் நிலைப்பாடு.

பச்சை என்னும் சொல்

சங்கப் பாடல்கள் இப்பொருளில் பிற்கால நூல்களினும் நுட்பமானவை. கழாத்தலையார் பாடிய புறநானூறு 288ஆம் பாடல், இரண்டு ஏறுகளைப் பொருதவிட்டு, வென்ற ஏற்றின் தோலை மயிர் சீவாது போர்த்த முரசத்தைக் குறிப்பிடுகிறது. மதுரைக்காஞ்சியிலும் இதனையொத்த குறிப்பு உண்டு. பொருநராற்றுப்படை யாழின் உறுப்புகளை வரிசைப்படுத்துமிடத்து, அதன் மேற்போர்த்த தோலின் நிறத்தையும் இழுத்துக் கட்டப்பட்ட தன்மையையும் உவமைகளால் விளக்குகிறது. புறநானூற்றுப் பாடலும் பொருநராற்றுப்படையும் தோலுக்குப் பச்சை என்னும் சொல்லையே ஆளுகின்றன.

அச்சொல் இன்றும் தோல் மண்டிகளில் வழங்குகிறது. பதனிடப்படாத தோல் வணிகர் வழக்கில் பச்சைத்தோல் எனப்படும். சங்கச் சொல்லும் மண்டிச் சொல்லும் ஒரே வேரின் தொடர்ச்சியா, வெவ்வேறு வழிகளில் வந்து பொருந்தியவையா என்பது தனியே ஆராயத்தக்கது. எனினும் பொருளளவில் இரண்டும் ஒரு தொழில்நுட்ப உண்மையைச் சுட்டுகின்றன. முரசுக்கும் முழவுக்கும் வேண்டுவது பச்சைத்தோலே.

ஆலையில் தோல் சுண்ணாம்பில் ஊறி, மயிரும் ஊனும் நீங்கி, ஆவாரம்பட்டை போன்ற துவர்ப்பொருள்களாலோ குரோமிய உப்புகளாலோ பதனிடப்படுகிறது. அவ்வாறு பதனிட்ட தோல் அழுகாது, மடங்கும், மென்மையாகும். காலணிக்கு வேண்டிய அப்பண்புகள் கருவிக்கு உதவுவதில்லை. கருவிக்குரிய தோல் மயிரும் ஊனும் நீங்கியபின் பதனிடப்படாமல் உலரவேண்டும். விறைப்பாக நின்று இழுவிசையைத் தாங்கவேண்டும். ஆகவே காலணிக்குச் செல்லும் தோலும் கருவிக்குச் செல்லும் தோலும் பதனிடும் தொட்டிக்கு முன்பே பிரிந்துவிடுகின்றன. முதல்வழியை ஆராயச் சென்னையில் 1948 முதல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. இரண்டாம் வழியின் அறிவு கைவினைஞர் குடும்பங்களின் கையிலும் செவியிலும் மட்டுமே தங்கியுள்ளது.

நந்தனாரின் தொழில்

தமிழிலக்கியத்தில் கருவித்தோல் வழங்கிய ஒருவர் பெயருடன் போற்றப்படும் இடம் பெரியபுராணம். ஆதனூரில் வாழ்ந்த திருநாளைப்போவார், பேரிகை முதலிய கருவிகளுக்குப் போர்வைத்தோலும் விசிவாரும் வழங்கினார். வீணைக்கும் யாழுக்கும் உரிய நரம்பைத் தந்தார். வழிபாட்டுக்குக் கோரோசனை கொடுத்தார் என்று சேக்கிழார் கூறுகிறார். போர்வைத்தோல் வேறு, இழுத்துக் கட்டும் வார் வேறு, நரம்பு வேறு எனப் பிரித்துரைக்கும் இவ்விடம், கோயிலுக்குள் ஒலித்த இசையின் மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்பதற்கு வெளிப்படையான சான்று. கருவியின் தோல் உள்ளே சென்றது. தோலைத் தந்தவர் வெளியே நின்றார். தமிழிசை வரலாற்றின் முரண் இதனினும் சுருக்கமாக வேறெங்கும் பதிவாகவில்லை.

இச்செய்தி பின்னர் மங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் வேதியரிடம் விடைவேண்டி நிற்கும் பண்ணையாள் என்னும் வடிவமே மேலோங்கியது. கதாகாலட்சேபத்திலும் திரைப்படத்திலும் அவ்வடிவமே பரவிற்று. நந்தன் கதை பாடப்பட்ட மேடைகளில் மிருதங்கம் உடன் ஒலித்தது. அம்மிருதங்கத்தின் தோலுக்கும் கதைத்தலைவரின் தொழிலுக்கும் உள்ள உறவை எண்ணிப் பார்த்தவர் சிலரே. நந்தனாரைப் பற்றிய ஆய்வுகள் அவருடைய பத்தியையும் அவர்மீது சுமத்தப்பட்ட சாதி இழிவையும் விரிவாகப் பேசுகின்றன. அவற்றோடு அவருடைய தொழிலறிவும் பேசப்படவேண்டும்.

பட்டியலும் ஆளும்

சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் பேரிகை, படகம், இடக்கை, உடுக்கை, மத்தளம் எனத் தோற்கருவிகளை அடுக்குகிறார். அகமுழவு, புறமுழவு முதலாக வகுத்தும் காட்டுகிறார். 1892இல் உ.வே. சாமிநாதையர் அவ்வுரையுடன் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தபின் இப்பட்டியல் தமிழிசை ஆய்வின் அடித்தளங்களுள் ஒன்றாயிற்று. ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரம் 1917இலும், விபுலாநந்த அடிகளின் யாழ்நூல் 1947இலும் வெளிவந்தன. பின்னர் வீ.ப.கா. சுந்தரத்தின் தமிழிசைக் கலைக்களஞ்சியம் தோன்றியது. இவற்றின் அருமையை மறுப்பதற்கில்லை. ஆயினும் பண், சுருதி, நரம்பு ஆகியவற்றுக்குக் கிடைத்த ஆழம் தோலுக்குக் கிடைக்கவில்லை.

அறிவியல் துறையிலும் நிலை இதுவே. சி.வி. இராமன் 1920இல் சிவகாளி குமாருடன் இணைந்து எழுதிய குறிப்பிலும் 1934இல் எழுதிய கட்டுரையிலும் இந்திய முழவுகளின் தனித்தன்மையை விளக்கினார். சாதாரணத் தோற்பரப்பு இசைவற்ற மேற்சுரங்களையே எழுப்பும். மிருதங்கத்தின் வலந்தலை நடுவே இடப்படும் கரும்பூச்சோ அப்பரப்பின் நிறையை மாற்றி, நரம்புக்கருவியைப்போல இசைவான மேற்சுரங்களைத் தரச்செய்கிறது. இக்கண்டுபிடிப்பு உலகறிந்தது. சோற்றுப்பசையும் கனிமக் கல்லின் பொடியும் கலந்து, மெல்லிய படலங்களாக ஒவ்வொன்றாக இட்டு, கல்லால் தேய்த்து, இடையிடையே தட்டிக் கேட்டு அந்த இசைவைத் தலைமுறைதோறும் உண்டாக்கிவந்தவர்களின் பெயர்கள் அவ்வரலாற்றில் இல்லை.

ஒரு குடும்பம்

பெயர் கிடைத்த இடம் ஒன்று உண்டு. டி.எம். கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட மிருதங்க ஆக்குநர் வரலாறு, தஞ்சாவூரைச் சேர்ந்த செபாஸ்டியன் என்பாரின் வழிவந்த தலித் கிறித்தவக் குடும்பத்தை மையமாகக் கொண்டது. அக்குடும்பத்தின் பர்லாந்து, பாலக்காடு மணி ஐயருக்குப் பல்லாண்டுகள் மிருதங்கம் ஆக்கியவர். மணி ஐயரின் வாசிப்பில் போற்றப்படும் நாதம் இருவர் கூட்டுழைப்பின் பயன் என்பதை அந்நூல் வழி உணரலாம். வாசிப்பவர் தம் விரலுக்கு வேண்டியதைச் சொல்கிறார். ஆக்குபவர் அச்சொல்லைத் தோலின் தடிமனாகவும் வாரின் இறுக்கமாகவும் பூச்சின் அளவாகவும் மொழிபெயர்க்கிறார். இம்மொழிபெயர்ப்பு செவியறிவின்றி நிகழாது.

அந்நூலின் வெளியீட்டு விழாவுக்குத் தர இசைந்த அரங்கைக் கலாக்ஷேத்ரா நிறுவனம் பின்னர் மறுத்தது. விழா வேறிடத்தில் நடந்தது. மிருதங்கத்துக்குப் பசு, எருமை, ஆடு ஆகிய மூன்றின் தோலும் பயன்படுகிறது என்னும் எளிய செய்தி, பொதுவெளியில் சொல்லப்பட்டபோது எழுப்பிய சலனம் கருதத்தக்கது. கருவியைப் பூசிக்கும் மரபு, அதன் தோல் வந்த வழியைக் காண அஞ்சுகிறது. அவ்வச்சமே ஆக்குநரின் பெயரையும் மறைத்துவந்துள்ளது.

மேல்விஷாரம் போன்ற ஊர்களின் பொருத்தம் இங்கே தெளிவாகிறது. விலங்குத்தோல் பெரும்பாலும் முஸ்லிம் வணிகர் கைவழி மண்டிக்கு வருகிறது. தஞ்சையில் அதனைக் கருவியாக்கியவர் கிறித்தவர். மேடையில் வாசித்தவர் பிராமணர். இசைவேளாளரும் பிறரும் அவ்வாறே வாசித்தனர். பறையாயின் ஆக்குபவரும் அடிப்பவரும் பெரும்பாலும் ஒரே சமூகத்தவர். முஸ்லிம் ஊர்களில் ரமளான் மாதத்துச் சஹர் வேளையில் தெருத்தெருவாகத் தாயிரா தட்டிப் பாடி உறங்குவோரை எழுப்பும் பக்கீர்களின் கையிலிருப்பதும் தோல் போர்த்த கருவியே. சமயத்தாலும் சாதியாலும் பிரித்து எழுதப்படும் இசை வரலாறுகளைத் தோல் என்னும் ஒரே பொருள் இணைக்கிறது. அப்பொருளின் வழியைப் பின்பற்றி எழுதப்படும் வரலாறு இவர்கள் அனைவரையும் ஒரே ஏட்டில் கொண்டுவரும்.

இரண்டு மறுப்புகள்

இந்நிலைப்பாட்டுக்கு இரண்டு மறுப்புகள் எழக்கூடும். ஆக்குநர் கைவினைஞரே, இசைவாணர் ஆகார் என்பது முதலாவது. வீணைக்கும் நாகசுரத்துக்கும் ஓரளவு பொருந்துவதாகத் தோன்றும் இவ்வாதம் தோற்கருவிக்குச் சிறிதும் பொருந்தாது. மரக்கருவி ஒருமுறை ஆக்கப்பட்டால் நெடுங்காலம் நிலைக்கும். தோலோ வெப்பத்தாலும் ஈரத்தாலும் நாள்தோறும் மாறும். வாசிக்க வாசிக்கத் தேயும். மீண்டும் மீண்டும் மூட்டப்படும். மேடையில் ஒலிப்பது ஆக்குநர் அண்மையில் செய்துமுடித்த செவிப்பணியே. பறையைத் தீயில் காய்ச்சிப் பதம் அறிபவரும் அப்பணியையே செய்கிறார். சங்கீத நாடக அகாதெமி இசைக்கருவி ஆக்கத்துக்கும் விருது வழங்குவது இக்கருத்துக்கு அரண்செய்யும்.

இரண்டாவது மறுப்பு வன்மையானது. தோலும் பறையும் சிலர்மீது சாதியால் சுமத்தப்பட்டவை. அவற்றைக் கலை எனப் போற்றுவது அச்சுமையை மீண்டும் அவர்கள் தலையிலேயே ஏற்றும் என்பது அது. சாவுக்குப் பறையடிக்க மறுத்த போராட்டங்கள் தமிழகத்தில் பல நிகழ்ந்துள்ளன. அம்மறுப்பின் நியாயம் ஐயத்துக்கு இடமற்றது. மறுபுறம், பறையைத் தன்மான அடையாளமாக மீட்டெடுத்த குழுக்களும் உள. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டதும் அவ்வழியின் ஒரு பயன். இரண்டு வழிகளுக்கும் பொதுவான உரிமை ஒன்று உண்டு: தொழிலை விடுவதா தொடர்வதா என்பதைத் தொழிலறிந்தவரே முடிவுசெய்யும் உரிமை. ஆய்வாளர் வேண்டவேண்டியது அறிவின் பதிவையும் அறிந்தவரின் பெயரையுமே. மரபைக் காக்குமாறு ஒரு சமூகத்தைப் பணிக்கும் உரிமை ஆய்வுக்கு இல்லை. பிள்ளைகள் வேறு தொழிலுக்குச் செல்லும் குடும்பத்தில் அறிவு பதிவாகாமல் மறைவது இழப்பு. பிள்ளைகள் வேறு தொழிலுக்குச் செல்வது இழப்பாகாது.

தமிழ்த்துறைகள் செய்யத்தக்கவை

செய்யத்தக்கவை பெரும்பொருட்செலவை வேண்டுவன அல்ல. முதலாவதாக, பச்சை, விசி, வார், போர்வை போன்ற இலக்கியச் சொற்களுக்கு உரை காணும்போது கருவி ஆக்குநரின் விளக்கமும் சான்றாக ஏற்கப்படவேண்டும். வெட்டுத்தட்டு, கொட்டுத்தட்டு, தொப்பி, வலந்தலை முதலிய கலைச்சொற்களும், பறைக்குரிய அடிக்குச்சி, சிண்டுக்குச்சி முதலியனவும், தோல்ஆலைகளின் வழக்குச் சொற்களும் ஒருசேரத் தொகுக்கப்பட்டால் பயனுள்ள தொழிற்சொல் அகராதி ஒன்று உருவாகும். வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் இதற்கு மிகவும் ஏற்றவை. மேல்விஷாரத்தில் 1965 முதல் இயங்கும் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி, தோல்வணிகர் ஒருவரின் பெயரையே தாங்கி நிற்பது இப்பணிக்கு இயல்பான தொடக்கமாகும்.

இரண்டாவதாக, ஆய்வேடுகளின் வழக்கம் ஒன்று மாறவேண்டும். கள ஆய்வில் கருவி ஆக்குநரும் கலைஞரும் தகவலாளர் என்னும் பட்டியலில் வயது, ஊர், சாதி ஆகியவற்றுடன் பின்னிணைப்பில் இடம்பெறுகின்றனர். அவர்கள் தரும் விளக்கமோ ஆய்வேட்டின் உடலில் ஆய்வாளரின் கூற்றாக மாறிவிடுகிறது. நூலாசிரியரை மேற்கோள் காட்டும் முறையிலேயே, அவர்கள் இசைவு பெற்று, அவர்களின் கூற்றையும் பெயர்சுட்டி எடுத்தாளுதல் ஆய்வுநேர்மையாகும்.

மூன்றாவதாக, பல்கலைக்கழக இசைவிழாக்களின் அழைப்பிதழிலும் ஒலிப்பதிவுகளிலும் வாசிப்பவர் பெயரையடுத்துக் கருவி ஆக்கியவர் பெயரும் அச்சிடப்படலாம். ஒரு வரி போதும்.

நிறைவுரை

இழைமத்தால் ஆகிய செயற்கைத் தோல்கள் இன்று பரவிவருகின்றன. மணி ஐயரே தம் காலத்தில் செயற்கைப் பொருளை முயன்று பார்த்தார். அம்மாற்றம் நன்றா தீதா என்பது இசைவாணரின் செவியும் காலமும் முடிவுசெய்யும் பொருள். தோலின் காலம் முடிவதற்குள் அதன் அறிவை எழுதிவைப்பது தமிழாய்வாளரின் பொறுப்பு. போர்வைத்தோலும் விசிவாரும் தந்தவரின் பெயரைச் சேக்கிழார் தம் காவியத்தில் எழுதினார். அதன்பின் வந்தவர்களின் பெயர்களை எழுதும் பணி எஞ்சியுள்ளது.