சீட்டிலுள்ள எண்ணும் அளந்த எண்ணும்

அச்சிலேறிய எண் யாதாயினும் அதனை ஐயமின்றி ஏற்கும் வழக்கம் எம்மவரிடையே வேரூன்றியுள்ளது. விஞ்ஞானம் பயிலும் மாணாக்கர்க்கு இவ்வழக்கம் பெருந்தீங்கு பயப்பது என்பதே எமது துணிபு. இதற்கு இலேசர் இருவாயி தக்கதொரு சான்றாகும்.

1962 இல் அமெரிக்காவில் முதன்முதல் ஒளிர்ந்த குறைகடத்தி இலேசர் திரவ நைதரசனின் கடுங்குளிரிலேயே இயங்கிற்று. அறை வெப்பநிலையில் இடையறாது ஒளிர்வது 1970 இலேயே கைகூடியது. இன்றோ, மாணாக்கர் தம் கைப்பொருளாலேயே அதனை வாங்கி, வீட்டு மேசையிற் பரிசோதனை செய்கின்றனர். இது மகிழத்தக்கதே. ஆயினும், சீட்டில் 650 நனோமீற்றர் என்றிருப்பதைக் கண்டு, தாம் அளந்தது 652 ஆகவிருப்பின், அளந்ததைத் திருத்திச் சீட்டினைக் காப்பாற்றுவோர் பலர்.

உண்மை யாது? உற்பத்தியாளர் தரும் அலைநீளம் பெரும்பாலும் 25 பாகை செல்சியசிலும் குறித்ததொரு மின்னோட்டத்திலும் பொருந்துவது. இருவாயி சூடேறும்போது குறைகடத்தியின் சத்தி இடைவெளி சுருங்குகின்றது. அதனால் அலைநீளம் கூடுகின்றது. சிவப்பு இருவாயியில் இம்மாற்றம் பாகையொன்றுக்கு ஏறத்தாழ 0.2 நனோமீற்றர். எமது நண்பகல் வெப்பத்தில் 35 பாகையை எட்டின், சீட்டிலுள்ள எண் ஏறத்தாழ 2 நனோமீற்றர் பிழைத்துவிடும். மின்னோட்டத்தைக் கூட்டினும் உள்ளே வெப்பம் மிகுந்து அதே விளைவு நேரும். இம்மாற்றம் என்றும் சீராக நிகழ்வதுமன்று. சிறிது நகர்ந்து, பின் திடீரென அடுத்த அலைநீளத்துக்குத் தாவுதலும் உண்டு. தலையீட்டுப் பட்டிகள் காரணமின்றி மறைந்தனவெனக் கலங்குவோர் இத்தாவலையும் நினைவிற்கொள்க.

இதனைக் காண விலைமிகு கருவி வேண்டியதில்லை. இறுவட்டொன்றின் தடங்களிடையே உள்ள தூரம் 1.6 மைக்கிரோமீற்றர். அதன்மீது செங்குத்தாக விழும் சிவப்பொளியின் முதற் கோணற்புள்ளியை 3 மீற்றர் தூரத்திற் பிடித்தால், 2 நனோமீற்றர் மாற்றம் அப்புள்ளியை ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் நகர்த்தும். இருவாயியை அலுமினியக் கட்டியொன்றிற் பொருத்தி, அருகில் வெப்பமானியை வைத்து, முதலில் மின்னோட்டத்தை மாற்றாது வெப்பநிலையை மட்டும் மாற்றுக. பின்னர் வெப்பநிலையைக் காத்து மின்னோட்டத்தை மாற்றுக. இரண்டையும் ஒருங்கே மாற்றுவோன் ஒன்றையும் அறியான். நேரொளியாயினும் தெறித்த ஒளியாயினும் கண்ணிற் படாது காத்தல் முதற்கடன் என்பதையும் மறவற்க.

புதிய இலேசர் வேண்டுமெனக் கேட்பதற்கு முன், நிலையான மின்னோட்டந் தரும் சுற்றும் நல்லதொரு வெப்பமானியும் உளவோவென ஆராய்தல் நன்று. ஆய்வுகூடத்துக்கு உதவ முன்வரும் பழைய மாணவரும் இதனைக் கருத்திற் கொள்வாராக. ஆசிரியப் பெருமக்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே: சீட்டோடு ஒத்த விடைக்கு மட்டும் புள்ளி வழங்காது, அளந்ததை அளந்தவாறே எழுதி, வெப்பநிலையையும் மின்னோட்டத்தையும் உடன் குறித்த மாணாக்கனுக்கே முதன்மை தருக. ஒத்துவராத எண்ணை மறைக்கப் பழகியவன், பின்னாளில் மருத்துவனாயினும் பொறியியலாளனாயினும் அப்பழக்கத்தைக் கைவிடுதல் அரிது.