கால் சுற்று, தினம் நாலு முறை

என் நாத்தனார் பிள்ளையை 2022 ஆடி மாதம் லாரி இடித்துவிட்டது. இருபத்திரண்டு வயது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு நொறுங்கி, சதையும் பிய்ந்துவிட்டது. காலையே எடுக்க வேண்டி வருமோ என்று அவள் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

கால் பிழைத்தது. கணைக்காலின் முன்பக்கம் எலும்புக்கு மேல் வெறும் தோல்தான், தொட்டுப் பாருங்கள் தெரியும். காயத்தை மூட அங்கே சதை ஏது? கெண்டைக்கால் சதையில் ஒரு பகுதியை ரத்த ஓட்டம் அறாமல் முன்பக்கம் திருப்பி மூடி, தொடைத் தோலை மெல்லியதாகச் சீவி எடுத்து அதன்மேல் ஒட்டினார்கள்.

ஆனால் உள்ளே 5 சென்டிமீட்டர் எலும்பே இல்லை! அதற்குத்தான் இலிசாரோவ் வளையம். சைபீரியாவில் கூர்கான் என்ற ஊரில் இருந்த டாக்டர் இலிசாரோவ் 1950-களில் கொண்டுவந்த முறை. 1964 ஒலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வாங்கிய புருமெல், மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் நொறுங்கி, பல ஆபரேஷன் செய்தும் சேராமல், கடைசியில் இவரிடம்தான் குணமானார்.

காலைச் சுற்றி இரும்பு வளையங்கள். அவற்றிலிருந்து எலும்புக்குள் கம்பிகள். நல்ல எலும்பை ஓரிடத்தில் வெட்டி, ஒரு வாரம், பத்து நாள் பொறுத்து, அந்தத் துண்டைத் திருகித் திருகி நகர்த்தவேண்டும். நகர்ந்த இடத்தில் உடம்பே புது எலும்பை வளர்த்துக்கொள்கிறது. தினம் 1 மில்லிமீட்டர். அதுவும் ஒரேயடியாக இல்லை; கால் கால் மில்லிமீட்டராக 4 முறை. அப்படி 50 நாள்.

திருகுவது யார் என்கிறீர்கள்? வீட்டில் இருக்கிற நாம்தான்! ஸ்பானரைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். "அண்ணி, தோசை திருப்பற கை இது. பிள்ளை காலை எப்படி முறுக்குவேன்?" என்றாள். முதல் வாரம் நானே திருகிவிட்டு ஊர் திரும்பினேன்.

பதினைந்து நாள் கழித்து போன். "வலிக்குதுன்னு கெஞ்சினான் அண்ணி. ரெண்டு நாள் விட்டுட்டேன்." எனக்கு வந்த கோபம்! மறுநாளே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். புது எலும்பு முந்தி இறுகிவிட்டால் மறுபடி ஆபரேஷன் செய்து வெட்டவேண்டுமாம். நல்லவேளை, இறுகவில்லை. விட்டதையெல்லாம் சேர்த்து ஒரே நாளில் திருகலாமா என்று கேட்டாள். கூடவே கூடாது, வேகமாக இழுத்தால் எலும்பு வளராது, நரம்பும் இழுபடும் என்றார் டாக்டர். அன்றிலிருந்து தினசரி காலண்டர் தாளில் நாலு பென்சில் கோடு.

கம்பி நுழையும் இடம் சிவந்தாலோ, சீழ் கட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே காட்டிவிடவேண்டும். சிகரெட் வாசனையே ஆகாது. ரத்தக் குழாயைச் சுருக்கி, எலும்பு சேருவதைத் தாமதப்படுத்தும். வளையத்துக்கு மேல் எந்தப் பேன்ட்டும் நுழையாது. பழைய பைஜாமாவின் பக்கத் தையலைப் பிரித்து நாடா வைத்துத் தைத்துக் கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் நாலு பேர் மாதிரி கேட்டார்கள்!

திருகி முடித்தபின்னும் எலும்பு கெட்டிப்பட மாதக்கணக்கில் வளையத்தோடேயே நடந்தான். கழற்றும்போது பத்து மாதம் ஆகியிருந்தது. இப்போது ரேஷன் கடைக்கு அவனே போய் வருகிறான். பைக் சாவி மட்டும் இன்னும் அவள் அரிசி டப்பாவுக்குள்தான் இருக்கிறது.