கரண்ட் கட்டுக்கு அசராதது எது?

'லினக்ஸா, ஃப்ரீபிஎஸ்டியா, ஓபன்பிஎஸ்டியா... எது பாஸ் கில்லி?' இந்தக் கேள்விக்கு ஸ்பீடு டெஸ்ட் எல்லாம் அப்புறம். வாங்க, கல்வராயன் மலைக்குப் போவோம்!

வெள்ளிமலையில் ஒரு கல்லூரி மாணவி. கையில் அண்ணன் கொடுத்த விலையில்லா லேப்டாப். 2011-ல் அந்தத் திட்டம் தொடங்கியபோது, விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்தே வந்தது, ஞாபகம் இருக்கா? இப்போ அதன் பேட்டரி அவுட். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை சேவ் பண்ணும்போது மழை, காற்று... டப்புனு கரண்ட் கட்! ஃபைல் என்ன ஆகும்?

மளிகைக்கடை அண்ணாச்சி முதல்ல சிட்டையில் குறிச்சுட்டு, அப்புறம்தான் பேரேட்டில் ஏத்துவார். லினக்ஸின் எக்ஸ்ட்4-ம் அப்படித்தான். டிஸ்க்கில் செய்யப்போகும் மாற்றத்தை 'ஜர்னல்' என்ற சிட்டையில் எழுதிக்கொள்ளும். கரண்ட் வந்ததும் சிட்டையைப் பார்த்துக் கணக்கை நேர் செய்துவிடும். சில நொடி வேலை!

ஃப்ரீபிஎஸ்டியில் கிடைக்கும் இசட்எஃப்எஸ் இன்னும் கெட்டி. பழையதை அழிக்காமல் புதுசை வேறு இடத்தில் எழுதி, முடிந்த பிறகே கணக்கை மாற்றும். ஆனா ரேமை நல்லாவே சாப்பிடும். 2 ஜிபி லேப்டாப்புக்கு அது ஓவர். ஓபன்பிஎஸ்டி பாதுகாப்பில் புலி. அதுக்காக வேகத்தை விட்டுக்கொடுக்கத் தயங்காது. ஆனா ஜர்னல் கிடையாது. திடீர்னு அணைஞ்சா, அடுத்த முறை டிஸ்க் முழுக்கச் சோதிக்கும். பெரிய டிஸ்க்னா டீ குடிச்சிட்டு வரலாம்.

வேகம்? 2012-ல் வாட்ஸ்அப் ஒரே ஃப்ரீபிஎஸ்டி சர்வரில் 20 லட்சம் கனெக்‌ஷன்களைத் தாங்கிக் காட்டியது. உலகின் டாப் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் அத்தனையிலும் 2017 நவம்பரிலிருந்து லினக்ஸ்தான். ரெண்டுமே சூரப்புலிகள். ஆனா அது ஏசி ரூம் ஆட்டம். யுபிஎஸ், ஜெனரேட்டர் எல்லாம் பக்கத்திலேயே இருக்கும்.

மலையில் ஜெயிப்பது, விழுந்தாலும் சட்டுனு எழுந்திருப்பது. பழைய லேப்டாப்பா? லினக்ஸ், எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்சிஇ மாதிரி லைட்டான டெஸ்க்டாப். அது போதும்.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. ஜர்னல் காப்பாற்றுவது டிஸ்க்கின் கணக்கை. நீங்க சேவ் பண்ணாத பாராவை இல்லை. பென் டிரைவில் பெரும்பாலும் இருக்கும் ஃபேட்32-க்கு அந்தச் சிட்டையும் கிடையாது. அதனால 'எஜெக்ட்' கொடுக்காம உருவாதீங்க. மேகம் கறுத்தா... முதல்ல கன்ட்ரோல் எஸ், அப்புறம் மழையை ரசிங்க!