திரையில் ஓடும் வேதியியல்

பிளஸ் டூ தேர்வு நெருங்கிவிட்டால் போதும், தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு கைப்பேசியில் வேதியியல் ஓடத் தொடங்கிவிடுகிறது. ‘ஒரு மணியில் முழுப் பாடம்’ என்கிறார் ஒருவர். ‘இந்தப் பத்து வினா போதும்’ என்கிறார் மற்றவர். கூடாது என்போமா? சொல்லமாட்டோம். 2020-ல் பெருந்தொற்றால் பள்ளிகள் பூட்டிக்கிடந்தபோது, முந்திய ஆண்டு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியும் யூடியூபும்தானே வகுப்பறையாயின! தனிப்பயிற்சிக்குப் பணம் கட்ட இயலாத வீட்டுப் பிள்ளை, புரியாத இடத்தை நாலு முறை நிறுத்திக் கேட்க முடிகிறதே, அது சிறிய வாய்ப்பா?

ஆனால், பார்த்ததெல்லாம் படித்ததாகிவிடுமா? நெர்ன்ஸ்ட் சமன்பாட்டைத் திரையில் ஆசிரியர் போட்டுக் காட்டும்போது எளிதாகத்தான் இருக்கிறது. படத்தை நிறுத்திவிட்டு வெற்றுத்தாளில் தானே போட்டால்தான் மடக்கை எங்கே இடறுகிறது என்பது தெரியும்.

எழுத்துத் தேர்வின் 70 மதிப்பெண்ணுக்கே இந்தப் பாடு. செய்முறைத் தேர்வுக்கு? பியூரெட்டிலிருந்து பெர்மாங்கனேட் சொட்டுச் சொட்டாக விழ, வெளிர் இளஞ்சிவப்பு மறையாமல் நிற்கிறதே, அந்த ஒரு சொட்டைக் கை அறிய வேண்டாமா? எந்தத் திரை அதைக் கற்றுத்தரும்? வசதி படைத்தவன் திரையும் பார்ப்பான், கூடமும் காண்பான். மற்றவனுக்கு அரசுப் பள்ளி ஆய்வுக்கூடத்தை விட்டால் வேறு ஏது?

காணொளிகளை வெளியிடுங்கள், வரவேற்கிறோம். அந்தச் செலவைக் கணக்குக் காட்டி, குடுவைக்கும் அமிலத்துக்கும் ஒதுக்கும் பணத்தில் மட்டும் கைவைக்காதீர்கள் என்றே ஆட்சியாளரைக் கேட்கிறோம்.