கேமரா யார் பக்கம் திரும்ப வேண்டும்?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. காட்சித் தொடர்பியல்)

"நல்ல ஒளிப்படம் எது?" என்று சென்ற ஆண்டு என்னைக் கேட்டிருந்தால், "சூரிய அஸ்தமனம், கோவில் கோபுரம், பனித்துளி தாங்கிய ரோஜா" என்று தயங்காமல் சொல்லியிருப்பேன். முதலாண்டுச் செய்முறைத் தேர்வுக்கு நான் எடுத்துத் தந்த படங்களும் இவையே. என் தாய் செங்கல் சூளையில் பச்சைக்கல் சுமப்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கேமரா கையில் கிடைத்த நாளில்கூட அதை அம்மாவின் பக்கம் நான் திருப்பவில்லை. உண்மையைச் சொல்வதானால், வெட்கப்பட்டேன்.

அந்த வெட்கத்தைப் போக்கியவை எம். பழனி குமாரின் படங்கள். பி. சாய்நாத் 2014-இல் தொடங்கிய 'பாரி' ஆவணக் காப்பகம் வெளியிட்ட அப்படங்களை எங்கள் ஆசிரியர் வகுப்பில் காட்டினார். மதுரையைச் சேர்ந்த பழனி குமார், 2017-இல் வெளிவந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். கையால் மலம் அள்ளும் வேலைக்கு ஆள் அமர்த்துவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்த பின்னும், சாக்கடைக்குள் இறங்கி மாண்டவர்களின் குடும்பங்களை அவர் படமாக்கினார். மன்னார் வளைகுடாவில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களைப் படமாக்கினார். எல்லாவற்றுக்கும் மேலாக, மீன் விற்கும் தம் தாயையே படமாக்கினார்!

அடுத்து டேனிஷ் சித்திக்கை அறிந்தேன். ரோஹிங்கியா அகதிகளின் துயரைக் காட்டிய ராய்ட்டர்ஸ் குழுவில் ஒருவராக 2018-இல் புலிட்சர் பரிசு பெற்றவர். 2021 ஜூலையில் ஆப்கானிஸ்தான் போர்முனையில் பணியிலிருந்தபோது கொல்லப்பட்டார். விலையுயர்ந்த லென்சா இவர்களை உயர்த்தியது? இல்லை. பிறர் பார்க்க மறுத்த மனிதர்களின் அருகே சென்று நின்ற துணிவே உயர்த்தியது.

ஒரு நாள் கேமராவோடு சூளைக்குப் போனேன். "இந்தக் கோலத்துலயாடா? இரு, வேற சேலை கட்டிக்கிட்டு வாரேன்" என்றார் அம்மா. எனக்குச் சுருக்கென்றது. உழைப்பவரின் அழுக்குச் சேலையைப் படம் பிடித்துப் பரிசு வாங்கிவிடலாம். ஆனால், தாம் எப்படித் தெரிய வேண்டும் என்று அவரைக் கேட்க வேண்டாமா? இரண்டு படங்கள் எடுத்தேன். நல்ல சேலைப் படம் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. சும்மாடும் கல்லுமாக நிற்கும் படத்தை, அம்மா பார்த்துச் சம்மதித்த பிறகே வகுப்பில் காட்டினேன்.

நண்பர்களே! நம் ஆண்டு மலரின் படப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். சிறப்பு விருந்தினர், பொன்னாடை, பரிசுக் கோப்பை! இவையும் வேண்டியவையே. ஆயினும், நம்மைப் படிக்க அனுப்பியவர்கள் எங்கே? அடுத்த மலரில் நான்கு பக்கங்களாவது, மாணவர்கள் தம் பெற்றோரின் அனுமதியோடு எடுத்த படங்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும். கேமராவை இயக்கக் கற்றுத்தரும் நூல்களோடு, இத்தகைய கலைஞர்களின் படத்தொகுப்புகளும் நம் நூலகத்துக்கு வர வேண்டும்.

கேமரா இல்லையே என்கிறீர்களா? கைப்பேசி போதும். கோபுரத்தையும் அஸ்தமனத்தையும் பிறகு எடுத்துக்கொள்ளலாம். அவை எங்கும் போய்விடா. முதலில் நம் வீட்டு வாசலிலிருந்து தொடங்குவோம்!