ரங்கநாதன் தெரு மலிவு யாருடைய செலவில்?

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையில், ரெட்டியார்பாளையத்தை அடுத்து இருக்கிறது மூலக்குளம். நான் வசிக்கும் இந்தப் பகுதியில், ஆடித் தள்ளுபடி தொடங்கிப் பொங்கல் வரை ஒரு வழக்கம் உண்டு. ஏதேனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிவதற்கு முன்பே, இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து வெறும் கட்டைப்பைகளோடு சென்னைக்குப் புறப்படும். சிலர் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்தில் செல்வார்கள். திண்டிவனம் வழியாகச் செல்பவர்கள் கிளாம்பாக்கத்தில் இறங்கி, தாம்பரம் போய், மின்சார ரயில் பிடித்து மாம்பலத்தில் இறங்குவார்கள். எல்லோருக்கும் சேருமிடம் ஒன்றுதான்: தியாகராய நகர்.

நான்கு பேர் சாதாரணப் பேருந்தில் சென்று திரும்ப ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிவிடும். ஆனாலும் கணக்கு கட்டுப்படியாகிறது என்கிறார்கள். நேரு வீதியில் இரண்டு சுடிதார் எடுக்கும் பணத்தில் அங்கே மூன்று எடுக்கலாம். பிள்ளைகளுக்கு உள்ளாடை, வளையல், செருப்பு, பிளாஸ்டிக் டப்பா என்று ஒரே தெருவில் முடித்துவிடலாம். பகலுணவுக்கு உணவகம் தேட வேண்டியதில்லை. மிளகாய் பஜ்ஜி, அவித்த சோளம், மாங்காய்ப் பத்தை, பானிபூரி, கரும்புச்சாறு ஆகியவற்றால் வயிறும் நிறைந்துவிடும், பிள்ளைகளுக்கு அது விழாவாகவும் ஆகிவிடும். (மதுவுக்கும் பெட்ரோலுக்கும் தமிழ்நாட்டினர் எல்லை கடந்து எங்களிடம் வருவதும், துணிக்கு நாங்கள் அவர்களிடம் போவதும் ஒருவகைப் பண்டமாற்று என்று கொள்ளலாம்.)

மாதம் இருபதாயிரம் ரூபாய்க்குள் குடும்பம் நடத்துபவர்களுக்கு இந்தப் பயணம் பொழுதுபோக்கு அல்ல; அதுவே அவர்களின் நிதித் திட்டமிடல். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால், 150 கிலோமீட்டர் பயணச் செலவையும் ஈடுகட்டும் அளவுக்கு ஒரு தெருவில் பொருள் மலிவாகக் கிடைக்கிறது என்றால், எங்கோ யாரோ தங்கள் பங்கைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்று பொருள். அது யார் என்று கேட்பதற்கு நமக்கு நேரம் இருப்பதில்லை.

மலிவு இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று, பல மாடிக் கடைகள். குறைந்த லாபம், பெரும் விற்பனை என்பது அவற்றின் சூத்திரம். அந்தச் சூத்திரத்தின் மறுபக்கம், காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே வேலை செய்யும் இளைஞர்களும் பெண்களும். வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ 2010இல் இதைத் திரையில் காட்டியது. ஆனால், ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு தன் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்த 2021 வரை ஆனது. ஓய்வாக ஒரு நிமிடம் உட்காருவதற்கு ஒரு சட்டத் திருத்தம் தேவைப்பட்டது என்பதே அந்தத் தொழிலைப் பற்றிப் போதுமான அளவு சொல்லிவிடுகிறது.

இரண்டாவது இடம், அந்தக் கடைகளின் வாசலில் இருக்கும் நடைபாதை. திருப்பூரின் ஏற்றுமதி மிச்சமும் ஈரோட்டுச் சந்தைச் சரக்கும் இங்கே தார்ப்பாயில் விரிகின்றன. வாடகை இல்லை, மின்கட்டணம் இல்லை, ஆகவே விலை குறைவு என்று நாம் நினைக்கிறோம். வாடகை இல்லைதான், ஆனால், அதன் இடத்தில் மாமூல் இருக்கிறது, தண்டல் இருக்கிறது. பத்தாயிரம் ரூபாய்த் தண்டல் என்றால் கைக்கு 8,500 வரும்; நாளொன்றுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், இந்த வட்டி ஆண்டுக்கு நூறு விழுக்காட்டைத் தாண்டும். மழை பெய்த நாளுக்கும், கடையை அள்ளிச் சென்ற நாளுக்கும் தண்டலில் விலக்கு கிடையாது. இத்தனைக்கும் பிறகு விற்பவரிடம்தான் நாம் நூறு ரூபாய்ப் பொருளை அறுபதுக்குக் கேட்கிறோம். குளிரூட்டப்பட்ட மாடியில் ஒட்டிய விலைச்சீட்டை மறுபேச்சில்லாமல் ஏற்கிறோம்.

இந்தத் தொழில் சட்ட விரோதமானது என்ற எண்ணம் படித்தவர்களிடம் ஆழமாக இருக்கிறது. உண்மை வேறு. தெருவில் வணிகம் செய்வது, நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு, அரசமைப்பின் 19(1)(ஜி) கூறு தரும் தொழில் உரிமையில் அடங்கும் என்று சோதன் சிங் வழக்கில் 1989இலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. குறிப்பிட்ட ஓர் இடத்தை நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் உரிமை இல்லை என்றும் சேர்த்தே கூறியது. இந்த இரண்டுக்கும் இடையில் ஒரு ஒழுங்கை உருவாக்கவே 2014ஆம் ஆண்டு தெரு வணிகர்கள் வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு நடத்த வேண்டும். நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் தெரு வணிகர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும் வரை யாரையும் வெளியேற்றக் கூடாது. இடம் மாற்றுவதென்றால் 30 நாள் அறிவிப்பு. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இயங்கும் இயல்பான சந்தைகளை மரபுச் சந்தைகளாக அறிவிக்க வேண்டும், அங்கிருப்போரை இடம் மாற்றக் கூடாது என்றும் அதன் அட்டவணை சொல்கிறது.

இந்தச் சட்டம் சற்று முன்னதாக வந்திருந்தால் பாண்டி பஜாரின் கதை மாறியிருக்கலாம். (பெயரைக் கேட்டு எங்கள் பாண்டிச்சேரியோடு தொடர்புடையது என்று நினைப்பவர்கள் இங்கேயே பலர், அது நீதிக்கட்சித் தலைவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனாரின் பெயர் சுருங்கியது.) அங்கே பல பத்தாண்டுகள் கடை போட்டிருந்தவர்கள் 2013இல் மாநகராட்சி கட்டிய வணிக வளாகத்துக்கு மாற்றப்பட்டார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2019 நவம்பரில், அகலமான நடைபாதை, இருக்கைகள், விளக்குகளோடு நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. அழகான வேலை அது. நானே அங்கே நடந்து மகிழ்ந்திருக்கிறேன். ஆனால், நடப்பவர் மாடிப்படி ஏறி ரிப்பன் வாங்கப் போக மாட்டார். கண்ணில் படுவதும் கைக்கு எட்டுவதும்தான் நடைபாதை வணிகத்தின் மூலதனம். அதைக் கட்டடத்துக்குள் அனுப்பிவிட்டு, ‘இடம் கொடுத்துவிட்டோமே’ என்று சொல்வது கணக்கில் மட்டுமே சரி.

மாம்பலம் ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் சுமார் 570 மீட்டர் ஆகாய நடைபாதை 2023 மே மாதம் வந்தபோதும் இதே கேள்வி எழுந்திருக்க வேண்டும். நெரிசல் குறைகிறது என்பது நல்லதே. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரங்கநாதன் தெருவைக் கடந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். என்றாலும், வாங்குபவரின் வசதிக்குத் திட்டம் போடும்போது விற்பவரைத் திட்டத்துக்குள் சேர்க்கும் பழக்கம் நம் நகரங்களுக்கு இன்னும் வரவில்லை.

சேர்த்த அனுபவமும் நமக்கு உண்டு. பர்மாவிலிருந்து உடைமைகளை இழந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969இல் சென்னைத் துறைமுகத்துக்கு அருகே, கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டி உருவானது பர்மா பஜார். கையில் எதுவும் இல்லாமல் வந்தவர்களுக்கு அரசு நடைபாதையை ஒட்டிக் கடை ஒதுக்கியது. அவர்களோடு வந்த அத்தோவும் மொகிங்காவும் இன்று பாரிமுனையின் மாலை உணவாகிவிட்டன. இப்போது சென்னைக்குப் போகும் எங்கள் ஊர் இளைஞர்கள் துணிக்கடைக்குப் போகிறார்களோ இல்லையோ, அத்தோவுக்காக அங்கே போகிறார்கள்.

உணவு என்று வந்தால் சுகாதாரக் கேள்வி நியாயமானது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 2024 பிப்ரவரியில், துணிச்சாயமாகப் பயன்படும் ரோடமின்-பி கலந்த பஞ்சுமிட்டாய் புதுச்சேரியில் பிடிபட்டது. முதலில் இங்கேயும், சில நாட்களில் தமிழ்நாட்டிலும் தடை வந்தது. தடை சரியே. ஆனால், செய்திப் படங்களில் நாம் பார்த்தது கடற்கரையில் குச்சியைத் தோளில் சாய்த்து நின்ற வடமாநில இளைஞர்களைத்தான். சாயம் எந்தக் கடையில் யாரால் விற்கப்பட்டது என்ற கேள்விக்கு அந்த அளவு வெளிச்சம் கிடைக்கவில்லை. சிறு உணவு வணிகர் உணவுப் பாதுகாப்புப் பதிவு பெறலாம். பதிவு பெற்றவரைக் கண்காணிக்கலாம், பயிற்சி தரலாம், தவறினால் தண்டிக்கவும் செய்யலாம். விரட்டப்பட்டவர் அடுத்த தெருவில் அதே எண்ணெயோடு நிற்பார்.

எல்லாம் கடைசியில் ஒரு காகிதத்தில் வந்து நிற்கின்றன: விற்பனைச் சான்றிதழ். பிரதமரின் ஸ்வநிதி திட்டத்தில் முதல் தவணைக் கடன் கடந்த 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயிலிருந்து 15,000 ஆக உயர்த்தப்பட்டது. ஒழுங்காகத் திருப்பிச் செலுத்துவோருக்கு ஏழு விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. தண்டலுக்கு இதைவிட நல்ல மாற்று கிடையாது. ஆனால், உள்ளாட்சியின் சான்றிதழோ பரிந்துரைக் கடிதமோ இல்லாமல் வங்கிக் கதவு திறக்காது.

சட்டம் ஒரு நகரத்தின் மக்கள்தொகையில் 2.5 விழுக்காடு வரை தெரு வணிகர்களுக்கு இடம் தரச் சொல்கிறது. மூலக்குளம் அடங்கிய உழவர்கரை நகராட்சியின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் மூன்று லட்சம். அப்படியானால் 7,500 பேர். புதுச்சேரி நகராட்சிக்கு அதே கணக்கில் ஏறத்தாழ 6,100 பேர். ஞாயிற்றுக்கிழமை மகாத்மா காந்தி வீதியில் துணி விரிப்பவர்களும், மூலக்குளம் சாலையோரத்தில் மாலையில் வடை சுடும் பெண்களும் இந்த எண்ணிக்கைக்குள் வர வேண்டியவர்கள். இவர்களில் எத்தனை பேர் கையில் சான்றிதழ் இருக்கிறது, எந்தத் தெருவில், எந்த நேரத்துக்கு என்பதை இரு நகராட்சிகளும் வார்டுவாரியாகத் தங்கள் இணையதளத்தில் வெளியிடட்டும். தீபாவளிக்கு முன் வெளியிட்டால், ‘போக்குவரத்துக்கு இடையூறு’ என்று அள்ளிச் செல்ல லாரி வரும் நாளில் காட்டுவதற்கு அவர்களிடம் ஒரு தாளாவது இருக்கும்.