அரசமரமும் பிராணவாயுவும்

சென்ற ஆண்டு நம் கலாசாலை மாணவர் சங்கத்தில் மரம் வளர்த்தலின் மாண்பைக் குறித்து ஒரு சொற்போர் நிகழ்ந்தது. அதிற் பேசிய அன்பர் ஒருவர், "மற்றைய மரங்களெல்லாம் பகலில் மட்டுமே பிராணவாயுவை வெளியிடுகின்றன, அரசமரமோ இரவும் பகலும் இடையறாது வெளியிடுகின்றது. இதனை விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுவிட்டது" என்று முழங்கினார். மண்டபம் கைதட்டலால் அதிர்ந்தது. தாவர சாஸ்திரம் பயிலும் மாணவரும் கைதட்டினர், நாமும் தட்டினோம். வீடு திரும்பும் வழியிலேதான், எந்த விஞ்ஞானி, எந்த ஆண்டில், எவ்வாறு சோதித்து இதனை ஒப்புக்கொண்டார் என்ற வினா நம் உள்ளத்தில் எழுந்தது. அதற்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

நாம் கண்ட முடிபை முதலிலேயே கூறிவிடுகின்றோம். இருளில் பிராணவாயுவை வெளியிடும் மரம் உலகில் எதுவுமில்லை. அரசும் அதற்கு விலக்கன்று. இக்கூற்று மேடைதோறும் பேசப்படுவதும், கற்றவர் வாயிலாகவே பரவுவதும் அது மெய்யென்பதற்குச் சான்றாகா. இதனை நாம் கைவிடல் வேண்டும் என்பதே நம் துணிபு. மரத்தின் பெருமையைக் குறைப்பது நம் கருத்தன்று. மரம் மெய்யாகவே செய்துவரும் பெருந்தொழில் இப்பொய்ப் புகழால் மறைந்துபோகின்றதே என்பதுதான் நம் வருத்தம்.

அத்தொழில் யாது? உணவு சமைத்தல். பெரும்பாலான மர இலைகளின் அடிப்புறத்தைப் பூதக்கண்ணாடியின்கீழ் வைத்து நோக்கின், எண்ணிறந்த சிறு துளைகள் காணப்படும். அவற்றின் வழியே காற்று உட்புகுகின்றது. அக்காற்றில் பத்தாயிரத்தில் ஏறத்தாழ 4 பங்கே கரியமிலவாயு. வேர் உறிஞ்சிய நீர் தண்டின் வழியே ஏறி இலையை அடைகின்றது. இலைக்குப் பசுமை நிறம் தரும் பச்சையம் என்னும் பொருள் சூரிய ஒளியைப் பற்றிக்கொண்டு, அவ்வொளியின் ஆற்றலால் நீரைப் பிளக்கின்றது. நீரின் ஒரு கூறாகிய பிராணவாயு வெளியே போகின்றது. மற்றைக் கூறும், ஒளியினின்று பெற்ற ஆற்றலும், கரியமிலவாயுவைச் சர்க்கரையாக மாற்றப் பயன்படுகின்றன. சர்க்கரையில் ஒரு பகுதி மாப்பொருளாய்ச் சேமிக்கப்படுகின்றது. ஒரு பகுதி பட்டையாகவும் வைரமாகவும் கனியாகவும் வித்தாகவும் உருவெடுக்கின்றது. நம் வீட்டு விட்டத்தில் நீரை நீக்கி எஞ்சும் எடையில் ஏறத்தாழப் பாதி கரியே. அக்கரி முழுவதும் ஒருகாலத்தில் காற்றில் உலவிய வாயு.

ஆகவே பிராணவாயு என்பது இலையின் அடுக்களையிலிருந்து வெளியேறும் கழிபொருளே. நமக்கு அஃது உயிர். இலைக்கு அது மிச்சம். ஓரகத்தின் அடுக்களைப் புகையை மட்டும் கண்டு, அவ்வகத்தார் புகை விற்போர் என்று எண்ணுவாருண்டோ? மரத்தைப் 'பிராணவாயுத் தொழிற்சாலை' என்று மட்டும் புகழ்வோர் அவ்வாறே எண்ணுகின்றனர். அடுப்பிலே வெந்துகொண்டிருப்பது சோறு என்பதை அவர் மறந்தனர்.

நிற்க. இவ்வுண்மை ஒருநாளில் வெளிப்பட்டதன்று. ஒருவர் பின் ஒருவராய் வினவியும், பிழைபட்டும், திருத்தியும் வந்த நெடிய வரலாறு இதற்கு உண்டு. வான் ஹெல்மான்ட் என்பார் 200 ராத்தல் உலர்ந்த மண்ணை ஒரு தொட்டியிலிட்டு, 5 ராத்தல் எடையுள்ள வில்லோ மரக்கன்றை அதில் நட்டு, நீர் மட்டும் வார்த்து 5 ஆண்டுகள் வளர்த்தார். மரம் 169 ராத்தலாயிற்று. மண்ணிற் குறைந்ததோ ஏறத்தாழ 2 அவுன்ஸ். மரம் மண்ணை உண்ணவில்லை என்பது புலனாயிற்று. ஆயின் அவர், மரம் முழுவதும் நீராலாயது என்று முடிவு கட்டிவிட்டார். அவர் காலமான பின் 1648-ஆம் ஆண்டில் வெளிவந்த நூலில் இச்சோதனை காணப்படுகின்றது. 'காஸ்' என்னும் சொல்லையே உலகிற்கு அளித்தவர் அவர். கரி எரியும்போது எழும் வாயுவையும் அறிந்தவர். அத்தகையோரும் தம் மரம் காற்றை உண்டது என்று ஐயுறவில்லை. அறிஞர்க்கும் பிழை நேரும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

1771-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் ஆங்கிலப் போதகர், மெழுகுவர்த்தி எரிந்து அணைந்துபோன காற்றினுள் ஒரு புதினாக் கொத்தை வைத்தார். பத்து நாள் கழித்து அதே காற்றில் மெழுகுவர்த்தி மீண்டும் நன்கு எரிந்தது. கெட்ட காற்றைச் செடி திருத்துகின்றது என்று அவர் வெளியிட்டார். ஆயின் ஸ்வீடன் நாட்டு ஷீலே சோதித்தபோது செடி காற்றைக் கெடுப்பதாகவே தோன்றிற்று. இருவரும் பொய்யர் அல்லர். இருவரும் ஒன்றைக் கவனிக்கத் தவறினர். அதனைக் கவனித்தவர், ஆஸ்திரிய அரண்மனை வைத்தியராயிருந்த ஒல்லாந்தர் இங்கென்ஹவுஸ். அவர் 1779-ஆம் ஆண்டுக் கோடையில் இங்கிலாந்தில் தங்கி, ஐந்நூறு சோதனைகளுக்கு மேல் செய்து, செடியின் பசிய உறுப்புகளே காற்றைத் திருத்துகின்றன என்றும், அதுவும் வெளிச்சத்தில் மட்டுமே என்றும், இருளில் அவை பிற உயிர்களைப் போன்று காற்றைக் கெடுக்கின்றன என்றும் நிறுவினார். நம் மேடைப் பேச்சாளர் கூறியதற்கு விடை இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்னரே எழுதப்பட்டுவிட்டது.

அரசமரம் மட்டும் ஏன் தனித்ததோர் இயல்புடையதாயிருத்தல் ஆகாது என்று கேட்கலாம். நேரிய வினாவே. செடி விடும் பிராணவாயு எங்கிருந்து வருகின்றது என்பதை அறிந்தாலன்றி இதற்கு விடையில்லை. அது கரியமிலவாயுவினின்று பிரிந்து வருகின்றது என்றே நெடுங்காலம் அறிஞர் பலர் கருதினர். 1937-ஆம் ஆண்டில் ராபர்ட் ஹில் என்பார், இலையினின்று பிரித்தெடுத்த பசுங்கணிகங்கள் கரியமிலவாயுவின் உதவியின்றியே ஒளியில் பிராணவாயு வெளியிடக் கண்டார். 1941-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் ரூபனும் கேமனும் அவர்தம் துணைவரும், எடை மிகுந்த ஒருவகைப் பிராணவாயு சேர்ந்த நீரில் குளோரெல்லா என்னும் நுண்பாசியை வளர்த்துச் சோதித்தனர். வெளிவந்த பிராணவாயு நீரிலிருந்ததே என்பது ஐயமறத் தெரிந்தது. நீரைப் பிளப்பது ஒளியின் ஆற்றல். ஒளியில்லையேல் பிளத்தல் இல்லை. பிளத்தல் இல்லையேல் பிராணவாயு இல்லை. பச்சையம் உள்ள செடி எதுவாயினும் இவ்விதிக்கு உட்பட்டதே. நிலவொளி உண்டே எனின், முழுமதியின் ஒளி சூரிய ஒளியில் ஏறத்தாழ நான்கு லட்சத்தில் ஒரு பங்கு. அதுகொண்டு இலையின் உலை கொதியாது.

இன்னும் நுட்பமாக வாதிப்போர், இரவில் இலைத்துளைகளைத் திறந்து வைக்கும் செடிகள் உண்டென்பர். அது மெய்யே. அதனை முதன்முதற் குறித்தோருள் ஒருவர் நம் நாட்டோடு தொடர்புடையவர் என்பது நமக்கு உவகை தருகின்றது. மொரேவிய சபையைச் சார்ந்து தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர்க் கும்பினியாரிடம் தாவர நூலறிஞராய்ச் சென்னை மாகாணத்தில் ஊழியம் புரிந்த பெஞ்சமின் ஹெய்ன் என்பார், இரணகள்ளி இனத்துச் செடியொன்றின் இலையைக் காலையில் சுவைத்தபோது புளிப்பாகவும், நண்பகலில் சுவையற்றதாகவும், மாலையில் சற்றே கசப்பாகவும் இருக்கக் கண்டார். இதனை அவர் 1813-இல் லண்டன் லின்னேயச் சங்கத்தார்க்கு எழுதிய கடிதம் 1815-இல் அச்சேறியது. கருவி ஏதுமின்றித் தம் நாவையே கருவியாக்கி அவர் கண்டதன் காரணம் பிற்காலத்தில் விளங்கிற்று. வறட்சி மிக்க இடத்திற்குப் பொருந்திய இச்செடிகள், பகலில் நீர் வீணாகாதபடி துளைகளை மூடிக்கொள்கின்றன. இரவில் திறந்து கரியமிலவாயுவை வாங்கிப் புளிப்புப் பொருளாக்கி வைத்துக்கொள்கின்றன. விடிந்த பின் அப்புளிப்பைக் கரைத்து, வெயிலின் துணையால் சர்க்கரை செய்கின்றன. சப்பாத்திக்கள்ளியும் அன்னாசியும் இவ்வகையின.

அரசங்கன்று வேறொரு மரத்தின்மேல் தொற்றி வளரும் காலத்தில் இம்முறையைக் கையாளும் என்பாரும் உளர். அதனை அவ்வாறே ஒப்புக்கொள்வோம். ஒப்பினும் வாதம் நிலைபெறாது. என்னை? இச்செடிகள் இரவில் வாங்குவது கரியமிலவாயு; விடுவது பிராணவாயு அன்று. அரிசியை இரவிலே களைந்து வைத்தாலும், அடுப்பு மூட்டுவது விடிந்த பின்னரே.

இக்கூற்றுக்கு எதிர்முனையில் மற்றொரு மயக்கமும் உண்டு. இரவில் செடி கரியமிலவாயுவை விடுகின்றது என்று கேள்வியுற்றவர், படுக்கையறையில் ஒரு பூந்தொட்டி வைக்கவும் அஞ்சுகின்றனர். செடியும் மூச்சு விடுகின்றது, பகலிலும் விடுகின்றது, பகலில் சமையல் மிகுதியாதலால் அது தோன்றுவதில்லை. மனிதன் ஒருவன் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கிலோகிராம் கரியமிலவாயுவை வெளிவிடுகின்றான். உடன் உறங்கும் தம்பிக்கு அஞ்சாதவன் தொட்டிச் செடிக்கு அஞ்சுவது நகைப்பிற்குரியது. அரசுக்குத் தெய்வத்தன்மை ஏற்றுவதும், தொட்டிச் செடிக்குப் பேய்த்தன்மை ஏற்றுவதும் ஒரே அரைகுறைக் கல்வியின் இரு முகங்கள்.

இத்துணைச் சிறு பிழைக்கு இத்துணை நீண்ட மறுப்பு எதற்கு என்று நம் உபாத்தியாயர் சிலர் கருதக்கூடும். இரண்டு காரணம் கூறுவோம். முதலாவது, பட்டம் பெற்று ஊர் திரும்பும் நம் மாணவன் 'விஞ்ஞானம் கூறுகின்றது' என்று சொன்னால் ஊரார் நம்புவர். அச்சொல்லை நம்பி, மூச்சுத் திணறும் முதியவரை மருத்துவரிடம் கொண்டு செல்லாமல் அரசமரத்தடியில் கட்டிலிட்டுக் கிடத்துவாராயின், அப்பழி யாரைச் சாரும்? இரண்டாவது, அரசினிடத்து நம் நாட்டார் கொண்டுள்ள அன்பு, பிராணவாயு என்ற சொல் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முற்பட்டது. அதன் நிழலும், ஊர் கூடும் மேடையும், பறவைக்கு ஈயும் கனியும் அவ்வன்பிற்குப் போதுமானவை. பொய்யான சாட்சி ஒன்றைக் கூலிக்கு அமர்த்த வேண்டிய வறுமை அம்மரத்திற்கு நேர்ந்ததில்லை. சாட்சி பொய்யென்று வெளிப்படும் நாளில் அன்பும் உடன் ஐயுறப்படுமே!

மெய்யான புகழ் வேண்டின், அது கைக்கெட்டும் தூரத்திலேயே உள்ளது. வயலில் விழும் வெயிலின் ஆற்றலில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கையே பயிர் உணவாய்ச் சேமிக்கின்றது. அச்சிறு பங்கே நாம் உண்ணும் சோறு, மாடு மேயும் புல், அடுப்பிலிடும் விறகு. நிலக்கரியும் முற்காலத்துப் பசிய இலைகள் சேமித்த வெயிலே. கரியமிலவாயு சர்க்கரையாகும் வழியை அடிதோறும் ஆராய்ந்து கண்ட கல்வின், பென்சன், பாஷம் என்போரின் உழைப்புப் பல்லாண்டு நீண்டது. அதன்பொருட்டுக் கல்வினுக்கு 1961-ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது. பெருநகரத்து ஆய்வுக்கூடத்தில் அத்தனைப் பேர் முயன்று விளங்கிக்கொண்டதை, நம் கொல்லைக் கீரைப்பாத்தி நாள்தோறும் ஓசையின்றிச் செய்கின்றது. இதைவிட வியப்பு எதற்கு?

நம் கலாசாலைக்கு ஒரு வேண்டுகோள். ஒளிச்சேர்க்கையின் சமன்பாட்டை நாம் நெட்டுருச் செய்து பரீட்சையில் எழுதி மறந்துவிடுகின்றோம். அதற்கு மாறாக, தமிழ் பயில்வோரும் வரலாறு பயில்வோரும் உட்பட முதலாண்டு மாணவர் அனைவரும் ஒருமுறையேனும் கண்ணாற் காணச் செய்தல் வேண்டும். தொட்டிச் செடியொன்றை இரண்டு நாள் இருட்டறையில் வைத்து, ஓரிலையின் பாதியைக் கறுப்புத் தாளால் மூடி வெயிலில் வையுங்கள். மாலையில் அவ்விலையைப் பறித்து நீரில் கொதிக்கவிட்டு, பின் வெந்நீர்ப் பாத்திரத்தினுள் வைத்த சாராயத்தில் பச்சை நிறம் போகும்வரை இட்டு, கழுவி, ஐயோடின் சொட்டு விடுங்கள். வெயில் பட்ட பாதி கருநீலமாகும். மூடிய பாதி ஆகாது. ஒளியின்றி உணவில்லை என்பதை அவ்விலையே எழுதிக் காட்டும். 1860-ஆம் ஆண்டை அடுத்து ஜெர்மானியராகிய சாக்ஸ் கண்ட உண்மையை அன்று மாணவன் தானே கண்டவனாவான்.

அவ்வாறு ஒருமுறை கண்டவன், மேடையில் யார் எதனை முழங்கினும் உடனே கைதட்டான். அடுத்த சொற்போரில் அரசமரத்தின் பேச்சு மீண்டும் எழுமாயின், அவையினின்று ஒரு மாணவரேனும் எழுந்து, "ஐயா, இதனை எவ்வாறு அறிந்தீர்?" என்று பணிவுடன் வினவுவாராக. அவ்வொரு வினா அந்த மண்டபத்தில் ஒலிக்குமாயின், நாம் அன்று தட்டிய கைதட்டலுக்குக் கழுவாய் தேடிக்கொண்டவராவோம்.